எல்லை தாண்டிய கூட்டு ஆய்வுக்கு மானியம்: சிறு நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஐரோப்பாவில் சிறிதாகக் கம்பெனி நடத்துபவர்கள், அங்கே ஆய்வுப் பிரிவைக் கவனிப்பவர்கள், இந்தியாவிலிருந்து அவர்களோடு சேர நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி யூரோஸ்டார்ஸ் திட்டத்தைப் பற்றியது. சிறு நிறுவனமே முன்னின்று நடத்த வேண்டும் என்று விதி வைத்திருக்கும் திட்டம் அது. மானியச் சதவீதமும் உச்சவரம்பும் அழைப்புக்கு அழைப்பு (விண்ணப்பம் கோரும் சுற்றுக்குச் சுற்று) மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் உங்கள் நாட்டில் மானியம் தரும் அரசு முகமையின் அறிவிப்பை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

1. யுரேக்கா, யூரோஸ்டார்ஸ்னு சொல்றாங்களே, அது ஐரோப்பிய ஒன்றியத்தோட திட்டம்தானே?

முழுக்க அப்படி இல்லை. யுரேக்கா 1985இல் அரசுகள் சேர்ந்து தொடங்கிய வலையமைப்பு. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளும் அதில் உண்டு. யூரோஸ்டார்ஸ் என்பது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2008 முதல் அந்த வலையமைப்பு நடத்திவரும் திட்டம். உறுப்பு நாடுகள் போடும் பணத்தோடு ஒன்றியமும் ஒரு பங்கைச் சேர்க்கிறது. 2014 முதல் 2020 வரையான கட்டத்தில் நாடுகள் 86.1 கோடி யூரோ, ஒன்றியம் 28.7 கோடி யூரோ என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதாவது நாலில் மூன்று பங்கு நாடுகளின் பணம்.

இப்போதைய கட்டம், ஒன்றியத்தின் 2021-2027 காலத்துக்கான ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்போடு இணைந்து நடக்கிறது. கனடா, தென்கொரியா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர் ஆகியவையும் இதில் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு அழைப்புகள், வழக்கமாக ஒன்று மார்ச்சில், இன்னொன்று செப்டம்பரில் முடியும்.

2. அப்போ பிரசெல்ஸ்ல இருந்து பணம் நேரா எங்க அக்கவுண்டுக்கு வந்துடுமா?

வராது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். விண்ணப்பம் ஒன்றுதான், மதிப்பீடும் ஒன்றுதான். ஆனால் பணப்பை ஒன்றல்ல. நெதர்லாந்து நிறுவனத்துக்கு அந்நாட்டு முகமையான ஆர்விஓ தரும், ஸ்வீடன் நிறுவனத்துக்கு வின்னோவா, ஸ்விட்சர்லாந்து நிறுவனத்துக்கு இன்னோஸ்விஸ், பிரிட்டன் நிறுவனத்துக்கு இன்னோவேட் யூகே. ஒவ்வொன்றும் தன் நாட்டுப் பங்காளியோடு தனியாக ஒப்பந்தம் போடும். தன் விதிப்படி சரிபார்த்து, தன் நாணயத்தில், தனக்குத் தோதான தவணையில் கொடுக்கும்.

ஆகவே உங்கள் தகுதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. பங்காளியின் நாட்டு முகமை அவரை நிராகரித்தால் திட்டமே சரியலாம். பெரும்பாலானோர் கையெழுத்து போடும் முன் பங்காளியின் தொழில்நுட்பத்தைத்தான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அவர் நாட்டு முகமையின் விதிகளையும் அவருடைய கடைசி இரண்டு ஆண்டு வரவு செலவுக் கணக்கையும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் விண்ணப்பங்கள் மண்ணைக் கவ்வுவது அந்த இடத்தில்தான்.

3. எங்ககிட்ட நாற்பது பேருதான் வேலை பாக்குறாங்க. நாங்க சிறு நிறுவனம்தானே, இதுல என்ன சந்தேகம்?

ஐரோப்பிய ஆணையத்தின் 2003ஆம் ஆண்டு வரையறைதான் அடிப்படை. சிறு, நடுத்தர நிறுவனம் என்று கொள்ள 250க்குக் குறைவான ஊழியர்கள் இருக்க வேண்டும். கூடவே ஆண்டு விற்றுமுதல் 5 கோடி யூரோவுக்குள், அல்லது இருப்புநிலைக் குறிப்பின் மொத்தம் 4.3 கோடி யூரோவுக்குள் இருக்க வேண்டும். 50 பேருக்குக் குறைவாகவும் இந்த இரண்டில் ஒன்று 1 கோடிக்குள்ளும் இருந்தால் 'சிறு' நிறுவனம்.

சந்தேகம் தலை எண்ணிக்கையில் வராது, பங்கு மூலதனத்தில் வரும். இன்னொரு நிறுவனம் உங்களிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அதன் ஊழியர்களும் விற்றுமுதலும் அந்த விகிதத்தில் உங்கள் கணக்கில் ஏறும். 50 சதவீதத்தைத் தாண்டினால் முழுக்க ஏறும். நாற்பது பேர் கம்பெனி காகிதத்தில் நாலாயிரம் பேர் கம்பெனியாகிவிடுவது இப்படித்தான். துணிகர மூலதன நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் போன்ற சில முதலீட்டாளர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுவனத்தின் கடிவாளம் அவர்கள் கையில் இல்லாதவரை 50 சதவீதம் வரை வைத்திருந்தாலும் அவர்கள் கணக்கு உங்கள் கணக்கில் ஏறாது.

4. எத்தனை பேர் சேரணும்? யார் எவ்வளவு வேலை எடுத்துக்கணும்?

குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து, ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகள். தலைமை புதுமையாக்கத்தில் ஈடுபடும் சிறு, நடுத்தர நிறுவனத்திடம் இருக்க வேண்டும். மொத்தச் செலவில் சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்கு, துணை ஒப்பந்தங்களைக் கழித்தபின் பாதியாவது இருக்க வேண்டும். தனி ஒருவரோ தனி ஒரு நாடோ 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலம் 36 மாதங்களுக்குள். பயன் குடிமக்களுக்கானதாக மட்டும் இருக்க வேண்டும், ராணுவத்துக்கு அல்ல.

எண்ணை வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். மொத்தத் திட்டம் 9 லட்சம் யூரோ. தலைமை நிறுவனம் 4.5 லட்சம், வேறு நாட்டில் உள்ள இரண்டாவது சிறு நிறுவனம் 2.7 லட்சம், ஒரு பல்கலைக்கழகம் 1.8 லட்சம். சிறு நிறுவனங்களின் பங்கு 80 சதவீதம், வசதியாகத் தெரிகிறது. இப்போது தலைமை நிறுவனம் தன் 4.5 லட்சத்தில் 2.8 லட்சத்துக்கு வெளி ஆய்வகத்திடம் சோதனை வேலையைக் கொடுக்கிறது என்று வையுங்கள். கணக்கில் மிஞ்சுவது 1.7 லட்சமும் 2.7 லட்சமும், ஆக 4.4 லட்சம். பாதிக்கு 10 ஆயிரம் குறைவு. விண்ணப்பம் மதிப்பீட்டாளர் கைக்கே போகாமல் திரும்பிவிடும்.

அந்தப் பல்கலைக்கழகம் தலைமை நிறுவனத்தின் நாட்டிலேயே இருந்தால் அந்த நாட்டின் பங்கு 6.3 லட்சம், அதாவது மிகச் சரியாக 70 சதவீதம். ஒரு யூரோ கூடினாலும் விதி மீறல். இப்படி விளிம்பில் நிற்கும் கணக்கைக் கண்டால் நான் மாற்றி எழுதச் சொல்லிவிடுவேன்.

5. நான் பாரிஸ்ல கம்பெனி வச்சிருக்கேன், தம்பி ஆம்ஸ்டர்டாம்ல வச்சிருக்கான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போடலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஆபத்தானது. 3ஆம் கேள்வியில் சொன்ன வரையறை நிறுவனங்களை மட்டும் பார்ப்பதில்லை. சேர்ந்து செயல்படும் தனிநபர்கள் வழியாக இரண்டு நிறுவனங்கள் பின்னிக்கிடந்து, இரண்டும் ஒரே சந்தையிலோ ஒட்டிய சந்தையிலோ இருந்தால், அவற்றை இணைந்த நிறுவனங்களாகக் கொள்ளலாம். சேர்ந்து செயல்படுகிறார்கள் என்பதற்குக் குடும்ப உறவே போதும் என்று ஆணையம் கருதிய வழக்குகள் உண்டு.

தம்பி முற்றிலும் வேறு துறையில் இருந்தால் வாதிட இடம் இருக்கிறது. அப்படியே இருந்தாலும் மூன்றாவதாக, உறவுமுறை இல்லாத ஒரு பங்காளியைச் சேர்த்துக்கொள்வதும், இரு நாட்டு முகமைகளிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

6. எவ்வளவு சதவீதம் கிடைக்கும்? ஒருத்தர் 60ங்கறார், இன்னொருத்தர் 40ங்கறார்.

இருவரும் உண்மை சொல்லியிருக்கலாம். விகிதத்தை அந்தந்த நாடு முடிவு செய்கிறது (2ஆம் கேள்வி). ஒரே திட்டத்தில் ஒரே மாதிரி வேலை செய்யும் இரு பொறியாளர்களில் ஒருவருடைய சம்பளத்தில் பாதியும் இன்னொருவருடையதில் 40 சதவீதமும் மானியமாக வருவது சாதாரணம். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுப்பதா, பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதா என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

ஒன்றிய நாடுகளில் இதற்கு மேல்வரம்பு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டின் 651ஆம் எண் ஒழுங்குமுறைப்படி தொழில்சார் ஆய்வுக்கு அடிப்படை 50 சதவீதம், சோதனை நிலை மேம்பாட்டுக்கு 25. நடுத்தர நிறுவனம் என்றால் கூடுதலாக 10, சிறு நிறுவனம் என்றால் 20. எல்லை தாண்டிய உண்மையான கூட்டு என்றால் மேலும் 15. எப்படிக் கூட்டினாலும் 80ஐத் தாண்டாது. ஆக, சிறு நிறுவனத்தின் சோதனை நிலை வேலைக்கு உச்சம் 60. இது உச்சவரம்புதான். அவ்வளவும் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த முகமைக்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கூடுதல் 15க்கும் ஒரே நிறுவனம் 70 சதவீதச் செலவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. 4ஆம் கேள்வியில் பார்த்த அதே எண்.

7. இத திருப்பிக் கட்டணுமா?

மானியமாகத் தந்தால் வேண்டாம். சில நாடுகள் கடனாகவோ, மானியமும் கடனும் கலந்தோ கொடுக்கும், ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றி பெற்றால் மட்டும் திருப்பிக் கொடுக்கும் முறையும் உலகில் உண்டு. 1977இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து அமைத்த பேர்ட் அறக்கட்டளை, இரு நாட்டு நிறுவனங்களின் கூட்டு ஆய்வுச் செலவில் பாதி வரை தருகிறது. பொருள் விற்றால் விற்பனையிலிருந்து பங்கு கட்ட வேண்டும், விற்காவிட்டால் கட்ட வேண்டியதில்லை.

8. பணம் முன்கூட்டியே வருமா, இல்ல செலவு பண்ணிட்டுத்தான் கேக்கணுமா?

பெரும்பாலும் செலவு செய்துவிட்டுத்தான். மானியம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் சிறு நிறுவனம் மூச்சுத் திணறும் இடம் இதுதான். மேலே சொன்ன தலைமை நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். 36 மாதத்தில் 4.5 லட்சம் என்றால் மாதம் 12,500 யூரோ செலவு. மானியம் 50 சதவீதம். முகமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்டு, சரிபார்த்துப் பணம் அனுப்ப மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால், முதல் தவணையான 37,500 யூரோ கைக்கு வரும்போது நிறுவனம் தன் கையிலிருந்து 1 லட்சம் யூரோ போட்டிருக்கும். கடைசித் தவணையை இறுதி அறிக்கை ஏற்கப்படும்வரை நிறுத்திவைக்கும் முகமைகளும் உண்டு.

'நம் பங்கு பாதிதானே' என்று போட்ட கணக்கு இங்கே உதவாது. எந்த மாதத்தில் எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை மாதவாரியாக எழுதிப் பாருங்கள். பங்காளியையும் எழுதச் சொல்லுங்கள். வங்கி மேலாளரிடம் போய் நிற்பதானால் திட்டம் தொடங்கும் முன்பே போய் நில்லுங்கள்.

9. எங்க சாஃப்ட்வேர வேற நாட்டு மொழிக்கு மாத்தி விக்கணும். அதுக்கு வாங்கலாமா?

முடியாது. அது வியாபார விரிவாக்கம். விடை தெரியாத ஒரு தொழில்நுட்பக் கேள்வி திட்டத்தில் இருக்க வேண்டும், முயன்றால் தோற்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும். விளம்பரம், விற்பனைக் குழு, வழக்கமான பராமரிப்பு எதற்கும் இதில் இடமில்லை. அதே சமயம் சந்தையிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் அடிப்படை ஆய்வும் எடுபடாது. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டு வாக்கில் பொருள் சந்தைக்கு வரும் என்று நம்பும்படி காட்ட வேண்டும்.

10. முடிவு வர ஆறேழு மாசம் ஆகுதாம். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்கணுமா?

விண்ணப்பம் போடும் முன் வேலையைத் தொடங்கியிருந்தால் ஆபத்து. மானியம் இல்லாமலே செய்திருப்பீர்கள் என்று ஆகிவிடும். 6ஆம் கேள்வியில் சொன்ன ஒழுங்குமுறை, விண்ணப்பம் வேலைக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்கிறது. இயந்திரத்துக்கு உறுதியான ஆர்டர் கொடுப்பதும் தொடங்கியதாகவே கொள்ளப்படும். சாத்தியக்கூறு ஆய்வு போன்ற முன்தயாரிப்பு அந்தக் கணக்கில் வராது.

விண்ணப்பித்தபின் தொடங்கலாமா என்பது நாட்டைப் பொறுத்தது. பல முகமைகள் ஒப்பந்தத் தேதிக்கு முந்திய செலவை ஏற்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பங்காளிக்கு ஏப்ரலில் ஒப்பந்தம் வந்து, உங்களுக்கு ஜூலையில் வரலாம். அந்த மூன்று மாதம் அவர் உங்களுக்காகக் காத்திருப்பாரா என்பதை முன்பே பேசி வையுங்கள்.

11. நல்ல மார்க் வாங்கியும் பணம் இல்லைன்னுட்டாங்க. இது என்ன நியாயம்?

முதலில் தனித்தனி வல்லுநர்கள் விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடுகிறார்கள். பிறகு ஒரு சுயேச்சையான குழு எல்லாவற்றையும் வரிசைப்படுத்துகிறது. வரிசைப்படி பணம் ஒதுக்கிக்கொண்டே வரும்போது ஏதாவது ஒரு நாட்டின் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், அந்த நாட்டுப் பங்காளி இருக்கும் திட்டம் அங்கேயே நிற்கும். உங்களுக்குக் கீழே இருந்த திட்டம், பணம் மிச்சமிருக்கும் நாடுகளைச் சேர்ந்தது என்பதால் தேறிவிடலாம். நியாயமில்லை என்று தோன்றும்தான். ஆனால் பணப்பை ஒன்றல்ல என்று ஒத்துக்கொண்டுதான் நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன.

அழைப்பு முடியும் முன் முகமையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்தச் சுற்றில் ஒதுக்கீடு எவ்வளவு, போன தடவை எத்தனை பேர் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். சொல்லத் தயங்க மாட்டார்கள்.

12. போன ரெண்டு வருஷம் நஷ்டம். அதனால தடையா?

நஷ்டம் தடையில்லை, மூலதனம் கரைந்திருப்பதுதான் தடை. லிமிடெட் கம்பெனியில் திரண்ட நஷ்டம், பங்கு மூலதனத்தில் (பங்குப் பிரீமியமும் சேர்த்து) பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தால், அது இக்கட்டில் உள்ள நிறுவனம் என்று கருதப்படும். அதற்கு உதவி தர முகமைக்கே அதிகாரம் இல்லை. தொடங்கி மூன்று ஆண்டு ஆகாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தச் சோதனையிலிருந்து விலக்கு. மூன்றாம் ஆண்டைத் தாண்டிய ஸ்டார்ட்அப்கள்தான் வசமாக மாட்டிக்கொள்கின்றன. முதலீட்டாளரிடம் பேசி மூலதனத்தைக் கூட்டியோ, அவர் தந்த கடனைப் பங்காக மாற்றியோ சரிசெய்யலாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கெடு நெருங்கும்போது யோசிக்கத் தொடங்கினால் நடக்காது.

13. எங்க கம்பெனி இந்தியாவுல இருக்கு. நாங்க சேர முடியுமா?

யூரோஸ்டார்ஸில் இந்தியா உறுப்பு நாடு அல்ல. சொந்தப் பணத்தோடு கூடுதல் பங்காளியாகச் சேரலாம், மானியம் கிடைக்காது. ஹொரைசன் யூரோப்பிலும் இந்திய நிறுவனங்களுக்குத் தானாக நிதி கிடைக்கும் ஏற்பாடு இல்லை.

இருதரப்புத் திட்டங்கள்தான் இந்தியாவுக்கு வழி. 2010இல் அமைந்த இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம், இரு நாட்டிலிருந்தும் ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு தொழில் நிறுவனம் என்று நால்வர் சேரும் '2+2' திட்டங்களுக்கு நிதி தருகிறது. இஸ்ரேலோடு 2017இல் அறிவிக்கப்பட்ட கூட்டு நிதி ஐந்து ஆண்டுக்கு 4 கோடி டாலர், இரு நாடும் சரிபாதி. அங்கும் 2ஆம் கேள்வியில் சொன்ன கதைதான்: இந்தியப் பங்காளிக்கு இந்தியா கொடுக்கும், அந்நாட்டுப் பங்காளிக்கு அந்நாடு கொடுக்கும்.

14. எங்க ஐடியாவ பங்காளி எடுத்துக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?

பணம் வரும் முன், பங்காளிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் கூட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். பலர் இதைச் சடங்காக நினைத்து மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிவிடுகிறார்கள். முதலில் எழுத வேண்டியது, திட்டத்துக்கு முன்பே உங்களிடம் இருந்தவை எவை என்ற பட்டியல்: மூல நிரல், தரவுத் தொகுப்பு, காப்புரிமை, சோதனை முறைகள். பட்டியலில் இல்லாததை 'அது திட்டத்தில் உருவானது' என்று யாரும் சொல்லலாம்.

அடுத்தது கூட்டு உரிமை. 'சேர்ந்து கண்டுபிடித்தால் சேர்ந்து சொந்தம்' என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. வேறு ஏற்பாடு இல்லாதபோது, பிரிட்டனில் காப்புரிமையின் கூட்டு உரிமையாளர் ஒருவர் அதைத் தானே பயன்படுத்திக்கொள்ளலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் சம்மதமில்லாமல் வெளியாளுக்கு உரிமம் தர முடியாது. பிரான்ஸில் தானே பயன்படுத்தும் உரிமையாளர், பயன்படுத்தாதவருக்கு நியாயமான ஈடு தர வேண்டும். இரு நாட்டிலும் காப்புரிமை வாங்கினால் ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு விதி. யார் எந்தச் சந்தையில், எந்தப் பயன்பாட்டுக்கு என்று நீங்களே பிரித்து எழுதிவிடுங்கள்.

பல்கலைக்கழகம் பங்காளியாக இருந்தால் இன்னொன்று. ஐரோப்பியக் காப்புரிமையில், விண்ணப்பிக்கும் முன் வெளியே சொன்ன எதுவும் புதியதல்ல. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மாநாட்டுச் சுவரொட்டியில் ஒரு வரைபடம் போட்டால்கூடக் கதை முடிந்தது. எதையும் வெளியிடும் முன் குறிப்பிட்ட நாட்களுக்கு முன்பு எல்லோருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாணவர்மேல் கோபித்துப் பயனில்லை. வெளியிடுவதுதான் அவர் வேலை.

15. பாதியில பங்காளி கழண்டுக்கிட்டா, வாங்கின பணத்த நாங்க திருப்பித் தரணுமா?

ஒழுங்காகச் செய்த வேலைக்கு வாங்கியதைப் பொதுவாகத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனால் மீதித் திட்டம் நின்றுபோகலாம், ஏனென்றால் அவர் போனதும் 4ஆம் கேள்வியின் கணக்குகள் எல்லாம் மாறிவிடும். இரண்டே பேர் இருந்த கூட்டணியில் ஒருவர் போனால் எல்லை தாண்டிய கூட்டே இல்லை. மாற்றாள் தேடிக்கொண்டு யுரேக்காவுக்கும் இரு நாட்டு முகமைகளுக்கும் உடனே தெரிவியுங்கள். மறைத்து வைத்து ஆண்டறிக்கையில் சொல்வதுதான் பிரச்சினையாகும். விலகுபவரின் முடிவுகளை மற்றவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதைக் கூட்டமைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் பாதிச் சண்டை வராது.

16. இந்த மானியத்தையும் வாங்கிட்டு, அதே செலவுக்கு ஆய்வு வரிச்சலுகையும் கேக்கலாமா?

ஒரே செலவுக்கு இரண்டு மானியம் கூடாது என்பதில் எல்லா நாடுகளும் கறார். வரிச்சலுகையில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பிரான்ஸில் ஆய்வு வரிக்கழிவு கணக்கிடும்போது, வாங்கிய பொது மானியத்தை அடிப்படைத் தொகையிலிருந்து கழித்துவிட வேண்டும். மீதியான உங்கள் சொந்தப் பங்குக்குக் கேட்கலாம்.

நேரப் பதிவேட்டில் ஒரே ஊழியரின் ஒரே மணி நேரம் இரண்டு திட்டங்களில் ஏறியிருக்கிறதா என்பதைத் தணிக்கையாளர் முதலில் பார்ப்பார். விடுப்பில் இருந்த நாளில் எட்டு மணி நேரம் வேலை என்று பதிவாகியிருக்கும் பதிவேடுகளையும் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பினால் அப்படித்தான் ஆகும். வாராவாரம் நிரப்பச் சொல்லுங்கள்.

17. ஒரு கன்சல்டன்ட், 'நான் எழுதித் தரேன், கிடைச்சா பத்து சதவீதம் குடுங்க'ங்கறார். சரிதானா?

கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் அதைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. விண்ணப்பம் எழுதும் செலவு திட்டம் தொடங்கும் முன் நடந்தது. அந்தப் பத்து சதவீதம் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும், அதுவும் 8ஆம் கேள்வியில் சொன்ன பணத்தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் முதல் ஆண்டில். எதன் பத்து சதவீதம் என்றும் கேளுங்கள். உங்கள் மானியத்திலா, கூட்டணி முழுவதன் மானியத்திலா? வேற்று நாட்டுப் பங்காளியின் மானியத்துக்கும் சேர்த்து நீங்கள் கமிஷன் கட்டும்படி வாசகம் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் உலவுகின்றன.

ஆங்கில நடையைத் திருத்த ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. வேலைப் பகிர்வையும் செலவுக் கணக்கையும் மட்டும் நீங்களும் பங்காளியும் உட்கார்ந்து எழுதுங்கள். மூன்று ஆண்டு அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள், கன்சல்டன்ட் அல்ல.